கொழுந்து தந்த கட்டை

வட்டவளை மலைகளில் கவாத்து முடிந்ததும் மிலாறு அடுப்புக்குப் போகிறது. வேரோடு அகற்றப்படும் முதிய தேயிலைச் செடியின் கதியும் பெரும்பாலும் அதுவே. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிவைத்த பயிரல்லவா இது? பல்லாண்டு கவாத்துக் கத்தி பட்டு முறுகிய அதன் அடிமரம் மிக உறுதியானது. அடுப்பருகே வைத்து அவசரமாக உலர்த்தினால் வெடித்துவிடும். மழைபடாத நிழலில் சில மாதங்கள் உலரவிட்டுச் செதுக்கினால் பறவையாகும், யானையாகும், விளக்குத் தண்டாகும்.

ஆதலின், அன்பர்களே, தோட்டத்தாரிடம் கேட்டு ஒரு கட்டையையேனும் அடுப்பினின்று காப்போமாக. பிள்ளைகளுக்கு எழுதிவைக்க ஒரு துண்டு நிலமுமில்லாத லயக் குடும்பங்கள் நம்மிடையே பல. பாட்டியார் கொழுந்து பறித்த செடியே பேரப்பிள்ளையின் கையில் பொம்மையாகுமாயின், அதனினும் சிறந்த பரம்பரைச் சொத்து வேறு ஏது?