பூகோளமும் சூலமும்

நமது பிள்ளைகள் பூகோளம் படிக்கின்றார்கள், பரீட்சை எழுதுகின்றார்கள், மார்க்கும் வாங்குகின்றார்கள். ஆனால், அவர்கள் கையில் அவர்களுடைய சொந்தக் கிராமத்தின் படத்தைக் கொடுத்து, "இதில் உன் வீடு எங்கே?" என்று கேட்டால், நூற்றுக்கு எத்தனை பேர் விரலை வைத்துக் காட்டுவார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளைகளைவிட உபாத்தியாயர்களும் பெற்றோர்களுமே வெட்கப்பட வேண்டியிருக்கும்.

சமீபத்தில் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவிலே ஒரு கிராமத்துக்கு நாம் போயிருந்தபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு பேச நேர்ந்தது. இந்தியப் படத்தில் ஆரவல்லி மலையையும் கட்ச் வளைகுடாவையும் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கின்றார்கள். மிகவும் சந்தோஷம். "உங்கள் ஊர் ஏரி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறது?" என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. "சரி, இன்று சூலம் எந்தப் பக்கம்?" என்றோம். உடனே மூன்று பேர் ஒரே குரலாய் "வடக்கு!" என்றார்கள். வடக்கு எது என்று கையை நீட்டிக் காட்டச் சொன்னோம். மூன்று கைகளும் மூன்று பக்கம் நீண்டன!

தோழர்களே! இதைக் கேட்டுச் சிரிப்பதில் பயனில்லை. இது அப்பிள்ளைகளின் குற்றமல்ல. நமது வீடுகளில் திசை என்பது எதற்காகச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றது? திங்களும் சனியும் கிழக்கே போகாதே, செவ்வாயும் புதனும் வடக்கே போகாதே, வியாழன் தெற்கே போகாதே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே போகாதே என்பதற்காகத்தானே? போயே தீரவேண்டுமானால் அதற்குப் பரிகாரமாகக் கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்குத் தைலம், மேற்குக்கு வெல்லம் என்று பஞ்சாங்கமே ஒரு மளிகை ஜாபிதாவும் கொடுத்திருக்கின்றது. திங்கட்கிழமை கிழக்கே சூலமாயிற்றே என்று காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வரும் கம்பெனி பஸ் ஒருநாளாவது நின்றதுண்டா? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது முதல், ஓரகடத்திலும் வல்லத்திலும் தொழிற்சாலைகள் பெருகிய இத்தனை வருஷ காலமாக, எத்தனை ஆயிரம் தொழிலாளர்கள் எல்லாக் கிழமைகளிலும் எல்லாத் திசைகளிலும் போய் வந்துகொண்டிருக்கின்றார்கள்! சூலம் யாரைக் குத்திற்று?

இந்தச் சூலத்துக்குத் தாயான பூகோளம் ஒன்று புராணத்திலே இருக்கின்றது. நடுவிலே மேரு மலையாம். அதைச் சுற்றி ஏழு தீவுகளாம். உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர் என்று ஏழு கடல்களாம். உலகத்தைச் சுற்றிவந்த எந்தக் கப்பல்காரனும் இதுவரையில் ஒரு கரண்டி தயிராவது கடலிலிருந்து கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்குப் 'பூதபுரி' என்று பெயர் வந்த தலபுராணக் கதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கின்றது. அந்த ஊர் பூமியில் எங்கே இருக்கின்றதென்பது மாத்திரம் தெரியவில்லை.

எங்கே இருக்கின்றது? பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 டிகிரி. கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறக்குறைய 80 டிகிரி. இதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கச் சொல்லுகின்றோம். இரவிலே வடக்கு நோக்கி நின்று கையை நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தில் வைத்தால் அது சுமார் 10 டிகிரி உயரம். அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் தெரியும். அது எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகின்றதோ ஏறக்குறைய அத்தனை டிகிரிதான் ஊரின் அட்சரேகை. பகலிலே பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டு வையுங்கள். ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் ஒருநாளும், ஆகஸ்டு மாத நடுவுக்குப் பின் ஒருநாளும் உச்சிப்பொழுதில் அந்தக் கோலுக்கு நிழலே இராது. பெங்களூரும் ஏறக்குறைய இதே அட்சரேகையில் இருப்பதால் அங்கேயும் அதே நாட்களில் நிழல் மறையும். ஆனால் சுமார் 9 நிமிஷம் பிந்தி மறையும், ஏனெனில் அந்த ஊர் மேற்கே இருக்கின்றது. நமது கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையின் கடிகாரம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். ஆகையால் ஸ்ரீபெரும்புதூரில் உச்சிப்பொழுது, சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணி அடித்து 10 நிமிஷம் கழித்துத்தான் வருகின்றது. ஒரு கோலும் ஒரு கடிகாரமும் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடத்துக்கு எந்தப் பரிகாரமும் வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்துக்கும் பூகோள சாஸ்திரத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1802-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, பரங்கிமலைக்கு அருகில் லாம்டன் என்னும் வெள்ளைக்காரர் இரும்புச் சங்கிலியைத் தரையில் நீட்டி ஏறக்குறைய 7½ மைல் நீளம் அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பிடித்துக்கொண்டுபோய் மேற்குக் கடற்கரை வரையில் அளந்துவிட்டார்கள். அவர்கள் நாள் பார்த்து அளக்கவில்லை, வெயில் பார்த்து அளந்தார்கள். எதற்காக? நமக்கு அறிவு வரவேண்டுமென்ற கருணையாலா? ஆளுவதற்கும், படை நடத்துவதற்கும், வரி வாங்குவதற்கும் படம் தேவையென்று கம்பெனிக்காரன் கண்டுகொண்டான். படம் தெரிந்தவன் ஆண்டான். சூலம் தெரிந்தவன் வரி கட்டினான்.

இன்று மாத்திரம் என்ன வாழ்கின்றது? இந்தத் தொழிற்பேட்டைப் பாதையெங்கும் மனை விற்பனை நடக்கின்றது. மனை வாங்க வருகிறவன் படித்தவன், உத்தியோகஸ்தன். அவன் முதலில் கேட்பது, "வாஸ்துப்படி இருக்கிறதா? ஈசானிய மூலை சரியா?" என்பதே. அந்த இடம் பழைய கிராமப் படத்தில் ஏரியா, கால்வாயா, மேய்க்கால் புறம்போக்கா என்று கேட்பவன் எத்தனை பேர்? ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மிச்சத் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகின்றது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் மிச்சத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகின்றது. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிடும் தண்ணீரும் அதே அடையாற்றில்தான் சேருகின்றது. 2015 டிசம்பரில் இந்த ஆறு பெருகி வந்தபோது ஈசானிய மூலை பார்த்துக் கட்டிய வீட்டுக்கும் பார்க்காமல் கட்டிய வீட்டுக்கும் அது வித்தியாசம் பாராட்டவில்லை. தண்ணீர் வாஸ்து படிப்பதில்லை. மேட்டையும் பள்ளத்தையுமே படிக்கின்றது. ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்துப் படத்தில் போட்டிருக்கும் கோடுகளைப் படிக்கக் கற்ற பிள்ளை, அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுமுன்னமேயே "வேண்டாம் அப்பா" என்று சொல்லியிருக்கும்.

இனி அளவைக்கு வருவோம். படத்தில் அளவை என்றால் ஏதோ ஓரத்தில் போடும் அலங்காரம் என்று மாணவர்கள் நினைக்கின்றார்கள். புலப்படம் ஒன்றில் 1:2000 என்று எழுதியிருந்தால், படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 20 மீட்டர். படத்தில் 5 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமுமுள்ள கழனி, தரையில் 100 மீட்டருக்கு 80 மீட்டர். அதாவது 80 ஆர், நமது கணக்கில் கிட்டத்தட்ட 2 ஏக்கர். அதையே 1:1000 என்று தப்பாகப் படித்தால் 50-க்கு 40 மீட்டராகி, அரை ஏக்கருக்கும் சற்றுக் குறைந்துபோகும். நீளத்தில் பாதி தப்பினால் நிலத்தில் முக்கால் பங்கு போய்விடுகின்றது! கழனிக்காரனுக்கு இந்தக் கணக்குத் தெரியாதென்றால், தெரிந்தவன் சொல்லுவதுதானே கணக்கு?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. ஸ்ரீபெரும்புதூர் அந்நாளில் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர் 1891-இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவாயிற்று. அதை மற்றவர்களுக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனையும் போடப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். அந்த நிலங்கள் பெரும்பாலும் யார் கைக்குப் போயின என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அவற்றைக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த கிளர்ச்சியில் துப்பாக்கிப் பிரயோகமாகி இருவர் உயிரிழந்தார்கள். நிலம் பறிபோனதற்குப் பசியும் கடனும் சாதிக் கொடுமையும் காரணங்களே. ஆனால் தன் நிலத்தின் சர்வே நம்பரும் படமும் தன் கண்ணில் படாமலே தலைமுறைகள் கழிந்ததும் ஒரு காரணமல்லவா? கிராமப் படத்தை விரித்துப் பாருங்கள்: ஊர் எங்கே, சேரி எங்கே, மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு, எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை இருக்கின்றது, எதற்கு இல்லை என்பதெல்லாம் அதிலே தெரியும். ஆயிரம் பிரசங்கங்கள் மூடி மறைத்தாலும் படம் மறைக்காது.

2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் தாலுகாக்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் தேவையென்றார்கள். ஏகனாபுரத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். எங்கள் ஏரிகள் என்னாவது, ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வரும் கம்பன் கால்வாய் என்னாவது என்று கேட்டார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நாம் இங்கு வரவில்லை. வேண்டுமென்பவனும் வேண்டாமென்பவனும் படத்தின்மேல் விரல் வைத்தல்லவா பேசவேண்டும்? அந்தப் பேச்சில் ஒருவனுக்குப் படம் தெரிந்து மற்றவனுக்குத் தெரியாவிட்டால் அது விவாதமாகுமா?

"செல்போன் வழி காட்டுகின்றதே, படம் எதற்கு?" என்று சில புத்திசாலிகள் கேட்கக்கூடும். செல்போன் 'வலது பக்கம் திரும்பு' என்று சொல்லும். நீ நிற்குமிடம் முன்னே ஏரியாக இருந்ததென்று சொல்லுமா? சொன்னபடி திரும்புவதற்குக் கண் வேண்டியதில்லை; காது போதும். மேலும், படம் கிடைப்பதில்லை என்னும் பழைய சாக்கும் இப்போது செல்லாது. பட்டாவும் புலப்படமும் கம்ப்யூட்டரில் பார்க்கக் கிடைக்கின்றன. படம் தயாரிப்பதற்கும் வெளியிடுவதற்கும் நெடுநாளாக இருந்துவந்த கட்டுப்பாடுகளை மத்திய சர்க்கார் 2021 பிப்ரவரியில் பெரிதும் தளர்த்திவிட்டது.

ஆகவே உபாத்தியாயர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் உலகப் படத்துக்குப் பக்கத்தில் சொந்தக் கிராமத்தின் படம் தொங்கட்டும். மாதத்தில் ஒருநாள் பிள்ளைகள் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வரையில் நடக்கட்டும். வடக்கைச் சூரியனைக்கொண்டு கண்டுபிடிக்கட்டும். தூரத்தை அடியால் எண்ணி அளவையோடு சரிபார்க்கட்டும். படத்தில் உள்ள கால்வாய் தரையில் இல்லாவிட்டால், எங்கே போயிற்று என்று பெரியவர்களைக் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிகின்ற அன்றைக்குத்தான் நமது நாட்டில் பூகோளப் படிப்பு ஆரம்பமாயிற்று என்று அர்த்தம்.

சூலம் இருக்கும் திசையில் போகாதே என்று சொன்ன காலம் போதும். எந்தத் திசையிலே தன் நிலம் இருக்கின்றது, எந்தத் திசையிலே தன் தண்ணீர் போகின்றது என்று அறிந்து, அந்தத் திசையில் தைரியமாய் நடக்கின்ற பிள்ளைகளே நமக்கு வேண்டும்.