கூடம் கோணல்தான்!

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பழமொழி. கைப்பேசியில் பலர் கூடி ஆடும் ஆட்டங்களை யாரேனும் குறை சொன்னால், அவற்றுக்காக வாதாடுவோர் இதைத்தான் நம்முன் நீட்டுகிறார்கள். “ஆட்டத்தில் பிழையில்லை, ஆடுகிறவன்தான் கெட்டவன்” என்கிறார்கள். அன்பர்களே, இம்முறை கூடமே கோணல் என்று சொல்லத் துணிகிறேன்.

சென்ற விடுமுறையில், அரும்பாவூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் மகள்வழிப் பேரன் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். முன்பின் அறியாத மூவர் அவனுடைய அணியினர். அணி தோற்றது. திரையில் அவன் பெயரைக் கண்ட ஒருவன், அப்பெயரையும் பெற்ற தாயையும் மார்க்கத்தையும் சேர்த்து இழித்துரைத்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நன்னா, நான் வேற பேரு வச்சுக்கவா?” என்று கேட்டான். தோல்வி அவனை வாட்டவில்லை. தன் பெயரே குற்றமாகிப் போனதுதான் வாட்டியது.

“தடை செய்தால் தீர்ந்தது” என்பார் சிலர். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. அதுவும் நாட்டின் பாதுகாப்பு கருதி, வசைமொழி கருதியன்று. 2021இல் ஏறக்குறைய அதே ஆட்டம் வேறு பெயரில் வந்தது. 2025இல் வந்த மத்தியச் சட்டத்தின் முதன்மை இலக்கோ, பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள். பிள்ளையின் காதில் விழும் நஞ்சுக்கு மருந்து எங்கே?

“மனித இயல்பு அப்படி” என்பார் வேறு சிலர். இயல்பென்றால், கூடத்தை மாற்றியதும் குணம் மாறுவானேன்? 2012இல் வெளியான ‘ஜர்னி’ என்னும் ஆட்டத்தை ஆக்கியோர், சோதனையின்போது ஆடுவோர் ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி மகிழக் கண்டனர். அவர்கள் ஆடுவோருக்கு நீதி போதிக்கவில்லை. தள்ளும் வழியையே நீக்கி, அருகில் வந்தால் இருவருக்கும் வலிமை கூடுமாறு அமைத்தனர். தள்ளிய கைகளே துணையைத் தேடின! ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ ஆட்டத்தில் எதிரணியோடு பேசும் வசதியை முதலில் மூடிவைத்து, விரும்புவோர் திறந்துகொள்ளலாம் என்றனர். தீய பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது.

ஒருமுறை அமைத்துவிட்டு உறங்கவும் இயலாது. ‘ஹார்த்ஸ்டோன்’ ஆட்டத்தில் எதிராளியிடம் சொல்ல ஒருசில சொற்களே உண்டு. அவற்றுள் ஒன்றான ‘மன்னிக்கவும்’ என்பதையே ஏளனத்துக்குப் பயன்படுத்தினர். 2016இல் அச்சொல்லை நீக்கினர். வசைக்கு வழி தேடுவோன் ஓயமாட்டான், அமைப்போனும் ஓயலாகாது.

சதுரங்கம் இம்மண்ணில் தோன்றி, பாரசீகமும் அரபுநாடும் வழியாக ஐரோப்பா சென்றது. அதுவும் போர்தான், ஆயினும் பகை பலகைக்குள் அடங்கியிருந்தது. எதிராளி முகத்தோடு எதிரே இருந்தான். சுற்றிலும் பெரியவர்கள் நின்றார்கள். முகத்தையும் பெரியவரையும் நீக்கிவிட்டு ஆயிரங்கல் தொலைவிலுள்ளோரை ஓர் அணியில் கட்டுகிறவன், அவ்விரண்டுக்கும் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் அல்லனா?

நாம் கேட்பவை பெரியவை அல்ல. அறியாதவர் குரல், ஆடுவோன் திறக்கும்வரை மூடியிருக்கட்டும். முறையீடு செய்தவனுக்கு, என்ன நடவடிக்கை என்று விடை வரட்டும். வீழ்ந்தவனைத் தூக்கிவிட்டவனுக்கும் வென்றவனுக்கு நிகரான மதிப்பெண் கிடைக்கட்டும். கூடவே பெற்றோரே, பிள்ளை ஆடும்போது ஒரு நாளேனும் அருகில் அமர்ந்து கேளுங்கள். பறித்து வைப்பதைவிட அது பயன் தரும்.

அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூர்ச் சிற்பி வாகை மரத்தைச் செதுக்கும்போது அது பிளந்துவிட்டால், ‘மரத்தின் குணம் அப்படி’ என்று கைகழுவுவதில்லை. ரேகை அறிந்து உளி வைப்பதே அவன் தொழில். மனிதச் சினமும் ஒரு ரேகைதான். அதை அறியாமல் உளி ஓட்டிவிட்டு மரத்தைப் பழிப்பவனுக்குக் கலைஞன் என்ற பெயர் எதற்கு?

என் பேரன் தன் பெயரை மாற்ற மாட்டான். மாற வேண்டியது கூடம்.