கீரை போட காணி எங்கே?

"கீரை, மரக்கறி சாப்பிடுங்கள், மனசு தெளியும்" என்கிறார்கள். உண்மைதான். 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், மரக்கறி, பழம், பருப்புவகை கூடிய உணவுக்கு மாறிய மனச்சோர்வு நோயாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 12 வாரங்களில் தேறினர்.

ஆனால் நாள் முழுக்கப் பச்சைக் கொழுந்து பறிக்கும் நமக்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் நம் கண்முன்னே லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. லயத்தோரம் நாலு பாத்தி போட்டால் "கம்பனிக் காணி" என்று பிடுங்கச் சொல்கிறார்கள்.

கீரை மட்டும் கடனையும் கவலையையும் தீர்க்காது. அதற்குக் கட்டுப்படியான சம்பளம் வேண்டும். ஆனால் கீரைகூட இல்லாதவனிடம் "மனசைத் தேற்றிக்கொள்" என்பது அநியாயம்.

புத்திமதி போதும். வீட்டுக்கொரு மரக்கறித் தோட்டத்துக்குக் காணி, கையில் உறுதியோடு வேண்டும். தோழர்களே, சேர்ந்து கேட்போம்!