அறிவித்தலில் வாசிக்காத தடை

கத்தோலிக்கக் கோயிலில் ஒரு கலியாணம் நடக்கிறதுக்கு முன்னம் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் வாசிப்பினம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள் என்று. தடை என்றால் ஏற்கெனவே கலியாணம் முடிச்சிருக்கிறது, நெருங்கின இரத்த உறவு, வயது போதாமை, இப்படி. பாப்பாமோட்டை, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை என்று மன்னார் - பூநகரி வீதியோட கிடக்கிற எங்கட கரையோர ஊர்களில் இந்த வாசிப்பைக் கேட்காமல் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை இருக்க ஏலாது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒருநாளும் வராத ஒரு தடை இருக்கு. இருக்கிறதுக்குள்ள பெரிய தடை அதுதான் என்பது என் கட்சி. வெக்கம்.

கூச்சத்தை நான் சொல்லவில்லை. புது ஆளோட கதைக்கேக்க நாக்குத் தடக்குறதும், பிடிச்ச ஆளைக் கண்டால் முகம் சிவக்கிறதும் மனிசருக்கு உள்ளதுதான், அது வடிவும்கூட. நான் சொல்லுறது பழக்கி எடுத்த வெக்கம். ஊர்ப் பேச்சையே பாருங்கோ. "வெக்கங்கெட்டவன்" என்று ஒரு ஆம்பிளையைப் பேசினால் அவன் கடன் வாங்கித் திருப்பிக் குடுக்காதவன், இல்லாட்டிக் குடிச்சிட்டு ரோட்டில கிடக்கிறவன். "வெக்கங்கெட்டவள்" என்ற பேர் எடுக்க ஒரு பெட்டை பெரிசா ஒன்றும் செய்யத் தேவையில்லை. பஸ் தரிப்பிடத்தில நின்று ஒரு பெடியனோட சிரிச்சுக் கதைச்சிருந்தால் போதும்.

இதில பெரிய பகிடி சாமத்திய வீடு. பிள்ளை பெரிசானால் கார்ட் அடிச்சு, ஹோல் எடுத்து, வீடியோக்காரரைப் பிடிச்சு ஊரையே கூப்பிடுறம். கத்தோலிக்கக் குடும்பங்களும் இதுக்கு விலக்கு இல்லை. உடம்பில நடந்த ஒரு விசயத்தை ஊருக்கே அறிவிச்ச அந்த வீட்டில, அடுத்த மாசம் பாட் வாங்கப் போனால் கடைக்காரர் அதைப் பேப்பரில சுத்திக் கறுப்புப் பையில போட்டுத் தருவார். அந்தப் பிள்ளை கேள்வி கேட்டால் அம்மா சிஸ்டரைக் காட்டுவா, சிஸ்டர் ரீச்சரைக் காட்டுவா, ரீச்சர் இனப்பெருக்கத் தொகுதிப் பாடத்தை "வீட்டில வாசியுங்கோ" என்று சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போவா. நாடு முழுக்க இதுதான் நிலை. சில வருசத்துக்கு முன்னம் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று சிங்களத்தில் "ஹதே அபே பொத்த" என்ற சுகாதாரக் கல்வி நூல் வந்தபோது பிக்குகள் எதிர்த்தார்கள், அது ஓரங்கட்டப்பட்டது. பல விசயத்தில ஒத்துப்போகாத இந்த நாட்டுச் சமயங்கள் எல்லாம் ஒன்றாய் வாய் மூடுகிற இடம் இது.

இவ்வளவுக்கும் பிறகு, கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் கிடக்கேக்க ஒரு திருமண ஆயத்த வகுப்பு. அதுக்கு முந்தின வயசில இளையோர் கருத்தரங்கு. எங்கட பக்கத்தில ஒரு பங்கில நடந்த கருத்தரங்கு ஒன்றுக்கு நானும் போயிருக்கிறன். பெட்டையள் ஒரு ஹோல், பெடியள் ஒரு ஹோல். எங்களுக்கு உடுப்பு, ஃபோன், கற்பு. அவைக்குத் தலைமைத்துவம். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட வேற வேற வரிசை. வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டில இருக்கப் போற ஆக்களை ஆயத்தப்படுத்துகிற முறையாம் இது.

எனக்குச் சமயத்தோட சண்டை இல்லை. என் சண்டை, சமயம் தன் சட்டத்திலேயே எழுதி வைச்சிருக்கிறதை ஊரில நடத்தாமல் விடுகிறதோட. கத்தோலிக்கத் திருமணத்தை உண்டாக்கிறது பாதர் இல்லை, தாலியும் இல்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாய் திறந்து சொல்லுகிற சம்மதம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1057ஆம் இலக்கம் இதைச் சொல்கிறது: அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. 1103ஆம் இலக்கத்தின்படி வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நடந்த திருமணம் செல்லாது. இதெல்லாம் புதுசும் இல்லை. போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடிச்சது 1560இல். மூன்று வருசம் கழிச்சு, 1563இல், திரிதெந்து பொதுச்சங்கம் ஒரு ஆணை போட்டது. தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் செய்யிற கலியாணத்தைச் சபை விரும்பவில்லை. ஆனால் அது செல்லவே செல்லாது என்று சொன்னவர்களைச் சபை கண்டிச்சது. எங்கட கரைக்கு இந்தச் சட்டம் வந்து நாலு நூற்றாண்டுக்கு மேலாகியும் "பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?" என்ற கேள்வியைப் பெண் பார்க்க வந்த வீட்டில கேட்டால் எல்லாரும் சிரிக்கினம்.

இருபது வருசம் விருப்பத்தைச் சொல்லாதே என்று பழக்கின ஒருத்தி, பீடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தரம் விருப்பம் என்று சொன்னால் அது எப்படிச் சம்மதம் ஆகும்? "வேண்டாம்" என்று சொல்ல வழி இருந்தவள் சொல்லுகிற "ஓம்"தானே ஓம்?

எங்கட ஊர்களில் இதுக்கு ஒரு தனிக் கதை இருக்கு, எங்கட அக்காமாரின்ட கதை. 2006க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் பிடிச்சுக்கொண்டு போன காலத்தில், கலியாணம் முடிச்ச பிள்ளையைப் பிடிக்க மாட்டினம் என்ற நம்பிக்கையில எத்தனையோ பேருக்கு அவசரமாக் கட்டி வைச்சினம். சட்டப்படி வயது 18. அதை ஆர் பார்த்தது? 2008 ஜூலையில் விடத்தல்தீவு இராணுவத்தின் கைக்குப் போனது, சனம் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது, அந்த ஓட்டத்துக்குள்ளேயும் கலியாணங்கள் நடந்தன. அப்படி முடிச்ச ஒரு அக்காவிடம் கேட்டன். அவ சொன்னா: "பிடிச்சிருக்கோ எண்டு என்னட்ட ஆர் கேட்டது பிள்ளை? பாதர் கேட்டவர், நான் ஓம் எண்டனான். வேற என்னத்தைச் சொல்லுறது?" தாய் தகப்பனை நான் குற்றம் சொல்ல மாட்டன்; பிள்ளை உயிரோட இருக்க வேணும் என்று செய்தவை. ஆனால் இப்ப சண்டை இல்லை. அச்சம் போட்டிருந்த உடுப்பை இப்ப வெக்கம் போட்டிருக்கு, அவ்வளவுதான்.

வெக்கத்தைப் பற்றித் திருச்சபைக்குள்ளேயே ஆழமாக யோசிச்சவர் இருக்கிறார். பிற்காலத்தில் இரண்டாம் யோவான் பவுலாக வந்த கரோல் வொய்த்திவா, 1960இல் போலிஷ் மொழியில் "அன்பும் பொறுப்பும்" என்ற நூலை எழுதினார். பாப்பரசரானதும் 1979 தொடங்கி 1984 வரை புதன்கிழமை உரைகளில் இதே விசயத்தைத்தான் கிளறினார். அவர் சொல்லுறதை என் வாயால் சொன்னால் இதுதான்: ஒருவர் இன்னொருவரை ஒரு ஆளாகப் பார்க்காமல் ஒரு பொருளாகப் பார்க்கிற பார்வையில் இருந்து தன்னைக் காப்பாற்றுகிறதுதான் வெக்கத்தின் வேலை. அன்பு வந்தால் அந்த வேலை முடிஞ்சிடும். தொடக்கநூலிலும் வெட்கப்படாமல் இருந்ததுதான் முதல் வருகுது, ஒளிச்சது பிறகு. எங்கட மறைக்கல்வி நேரே ஒளிச்ச இடத்தில இருந்துதான் தொடங்கும்.

அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால், வெக்கப்பட வேண்டியது ரோட்டில போறவளைப் பார்த்து விசில் அடிக்கிறவன். எங்கட ஊரில பார்க்கப்பட்டவள் தலை குனிஞ்சு போறாள், பார்த்தவன் நிமிர்ந்து நிற்கிறான். பழைய படத்தை வைச்சு மிரட்டுகிறவனுக்கு இந்த ஏற்பாடுதான் முதல். "வீட்டில சொல்லுவன்" என்ற ஒரு வசனத்தில் அவன் ஒரு பிள்ளையை வருசக் கணக்காக ஆட்டி வைக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கு என்று அந்தக் கருத்தரங்கில் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்ப இந்த இடத்தை யூடியூப் பிரசங்கிமார் பிடிச்சிட்டினம். காதலிக்காதே, கைபிடிக்காதே, தேவன் கொண்டுவருவார், காத்திரு. இது அமெரிக்காவில பழசாகிப்போன சரக்கு. ஜோசுவா ஹாரிஸ் என்ற இளைஞர் 1997இல் இப்படி ஒரு நூல் எழுதினார், இலட்சக் கணக்கில விற்றது. அதை வாசிச்சு வளர்ந்தவர்கள், தங்கட உடம்பையே அருவருக்கப் பழகினோம் என்று அவரிடம் சொல்லச் சொல்ல, 2018இல் அவரே அந்த நூலை இனி அச்சிட வேண்டாம் என்று நிறுத்தினார். எழுதினவர் கைவிட்டதை நாங்கள் ஃபோனில பகிர்ந்துகொண்டு இருக்கிறம்.

பீடத்தில என்னோட படிக்கிற தோழர்கள் கேட்பினம், கோயிலிட்ட ஏன் இதை எதிர்பார்க்கிறாய், விட்டிட்டு வா என்று. யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாம். மாந்தை மேற்குக் கரையில ஐம்பது பெடி பெட்டையள் ஒன்றாக் கூடுகிற ஹோல் கோயிலுக்குத்தான் இருக்கு. இன்னொன்று, வாய் திறக்கத் தெரியாத திருச்சபை இல்லை இது. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. அரசாங்கத்துக்கு முன்னால் அப்படி நிமிர்ந்த ஒரு மறைமாவட்டத்தின் பிள்ளைகளுக்கு, மாதவிடாய் என்ற சொல்லை ஒரு ஹோலுக்குள்ள சொல்ல ஏலாதாம்.

பெற்றோர் சண்டைக்கு வருவினம் என்று சொல்லுவினம். வரட்டும், கூப்பிட்டு முன் வரிசையில இருத்துங்கோ. 16 வயசில இருந்து பெடியளையும் பெட்டையளையும் ஒன்றா இருத்திக் கதையுங்கோ. பாதர் மட்டும் பேச வேண்டாம். ஒரு மிட்வைஃபும், பத்து வருசமாகச் சண்டை பிடிச்சுச் சமாதானமாகி வாழுகிற ஒரு சோடியும் வரட்டும். பேர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கோ. பெடியளுக்கு, ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அதோட விலகிப் போறது எப்படி என்று சொல்லிக் குடுங்கோ. தலைமைத்துவத்தைப் பிறகு பார்க்கலாம். அறிவித்தல் வாசிக்கிறதுக்கு முன்னம் இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிக்கிற படிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கு. அதை நிரப்பேக்க மாமாவும் பெரியம்மாவும் வெளி விறாந்தையில காது குடுத்துக்கொண்டு நிற்காமல் பாருங்கோ. அவள் வேண்டாம் என்றால், அந்தச் செய்தியை அவளின்ட தகப்பனிட்டக் கொண்டுபோறது பாதரின்ட வேலையாக இருக்கட்டும்.

இளையோர் ஒன்றியத்தில இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சால், அடுத்த கருத்தரங்குக்கு ஒரே ஹோல் வேணும் என்று எழுதிக் குடுங்கோ. முதல் கையெழுத்து நான் வைக்கிறன்.