இழுக்கும், சரி. நிற்குமா?

டிராக்டர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை எச்.பி.?' இரண்டாவது, 'எவ்வளவு லோடு இழுக்கும்?' மூன்றாவது, 'டீசல் எவ்வளவு குடிக்கும்?' நாலாவது, மாதத் தவணை. 'பின்னால் எட்டு டன் கிழங்கோடு டிரெய்லரை மாட்டிக்கொண்டு போகும்போது, குறுக்கே ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் வந்தால் வண்டி எத்தனை அடியில் நிற்கும்?' இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் விற்கிறவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவரிடம் பதிலும் இருக்காது.

'நானா டிராக்டர் வாங்கப் போறேன், எனக்கென்ன சார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் டிராக்டர் ஓட்ட மாட்டீர்கள். ஆனால் சேலத்திலிருந்து ஆத்தூருக்கோ, ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கோ, நாமக்கல்லிலிருந்து மோகனூருக்கோ பைக்கில் போவீர்கள். குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவீர்கள். கரும்பு சீசனிலும் கிழங்கு சீசனிலும் அந்த ரோடுகளில் உங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போவதும், பின்னாலேயே உருண்டு வருவதும் அந்த வண்டிதான். வாங்கியவர் கேட்க மறந்த கேள்விக்கு ரோட்டில் பதில் எழுதப் போகிறவர் நீங்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் பக்கம் அதிகம் ஓடும் நாற்பது, நாற்பத்தைந்து எச்.பி. டிராக்டரின் எடை சுமார் இரண்டு டன். அதன் பிரேக் நாலு சக்கரத்திலும் இல்லை. பின் சக்கரம் இரண்டில் மட்டும்தான். உழவுக்குச் செய்த வண்டி, அதற்கு அது போதும். அந்த இரண்டு டன் வண்டிக்குப் பின்னால் நாம் கொக்கி போட்டு மாட்டுவது, காலியாகவே ஒன்றரை, இரண்டு டன் தேறும் டிரெய்லரை. அதன்மேல் எட்டு டன், பத்து டன் லோடு. டிரெய்லருக்கு பிரேக்? நம் ரோடுகளில் ஓடும் டிரெய்லர்களில் பலவற்றுக்கு பிரேக்கே கிடையாது. நாலு சக்கரமும் உருள மட்டும் தெரிந்த சக்கரங்கள். ஆக, இரண்டு டன்னை நிறுத்தச் செய்த பிரேக்கின் தலையில் பன்னிரண்டு டன்னைக் கட்டியிருக்கிறோம்.

வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. எட்டாம் வகுப்புப் பாடமோ, பத்தாம் வகுப்புப் பாடமோ, படித்திருப்பீர்கள். எடை இரண்டு மடங்கானால் அதுவும் இரண்டு மடங்கு. எச்.பி. இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. எச்.பி. என்பது வண்டியைக் கிளப்புகிற சங்கதி. நிறுத்துகிற சங்கதி வேறு. இன்னும் பெரிய எச்.பி. வாங்கினால் என்ன ஆகும்? இன்னும் அதிக லோடு ஏற்றுவோம். அவ்வளவுதான்.

இன்னொன்று. டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு இருக்கும். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயலின் ஓரத்தில் சட்டென்று திருப்ப வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னக் கொண்டி உண்டு. அதைப் போடாமல் அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும். வண்டி அந்தப் பக்கம் சுழலும். பின்னால் இருக்கும் லோடு நிற்காது, தள்ளும். டிராக்டரும் டிரெய்லரும் பேனாக்கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். இறக்கத்தில் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். மேம்பாலத்தின் சரிவு போதும். ஏரிக்கரை ரோட்டிலிருந்து இறங்கும் வளைவு போதும்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் வேறு. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரல் போட்டுவிட்டால் எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில். பிரேக் சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது. இதைப் புரிந்துகொள்ளச் சேலத்துக்காரர்களுக்குப் புத்தகம் வேண்டாம், தொப்பூர் கணவாய் போதும். 2020 டிசம்பரில் இறக்கத்தில் வந்த சிமென்ட் லாரி, வரிசையில் நின்ற கார்களை நசுக்கியது. 2024 ஜனவரியில் மறுபடியும். ஏர் பிரேக் உள்ள லாரிகளுக்கே இந்தக் கதி. பிரேக்கே இல்லாத டிரெய்லரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெளியூரில் எப்படி? ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போகிற டிரெய்லர் என்றால் அதற்கென்று சொந்த பிரேக் இருக்க வேண்டும். 750 கிலோ! நம்மூரில் அது ஒரு ஓரத்துக்குக் காணாது. அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றவர்கள் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த வீட்டு வண்டி ஒன்று வாங்கி, அதன் பின்னால் காரையோ படகையோ மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். வாங்கும் முன்பே அவர்கள் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். வண்டி தனியாக எவ்வளவு எடை தாங்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு போகலாம். கொக்கி எவ்வளவு தாங்கும். இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் எல்லை. வண்டியின் பிரேக் வண்டிக்குத்தான், டிரெய்லர் தன் பாரத்தைத் தானே நிறுத்த வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உல்லாசப் பயணம் போகிற தாத்தாவுக்கு இருக்கிற கணக்கு, தினமும் ரோட்டில் லோடு அடிக்கிற நமக்கு இல்லை.

'அதெல்லாம் பணக்கார நாடு சார், நம்மாளுங்களுக்கு ஒழுக்கம் வராது' என்று ஒரு சமாதானம் தயாராக வைத்திருப்போம். தப்பு. நாமக்கல்லையே பாருங்கள். சமையல் எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர் லாரிகளுக்குப் பேர் போன ஊர் அது. தென்மண்டல டேங்கர் உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடமே அங்கேதான். அந்த லாரியைக் காலியாக ஒரு தடவை எடை போடுவார்கள், நிரப்பிய பிறகு ஒரு தடவை எடை போடுவார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தால் கேட்டைத் தாண்ட முடியாது. 'அண்ணே, இன்னும் ரெண்டு டன் போட்டு விடுங்கண்ணே' என்று அங்கே எந்த டிரைவரும் கெஞ்சுவதில்லை. டிரைவர்களும் முதலாளிகளும் அதே ஊர்க்காரர்கள்தான். வித்தியாசம் கேட்டில் இருக்கிறது.

இப்போது கிழங்கு ஆலையின் கேட்டுக்கு வாருங்கள். கரும்பு ஆலையானாலும் அதே கதைதான். அங்கேயும் எடை மேடை இருக்கிறது. உள்ளே வரும்போது லோடோடு ஒரு எடை, திரும்பும்போது காலியாக ஒரு எடை. வண்டி நம்பர், தேதி, நேரம் எல்லாம் போட்டு ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். குச்சிக்கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று அளந்து அதற்கேற்ப விலை போடுகிற கறாரான இடம் அது. பாயிண்ட் குறைந்தால் காசு குறையும். ஆனால் அந்த வண்டி எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அந்த எண்ணை அங்கே யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

கவனியுங்கள். அதிக பாரம் ஏற்றியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கேமரா வேண்டாம், ரோட்டில் மடக்கிப் பிடிக்கும் ஸ்குவாடு வேண்டாம். குற்றத்தின் அளவு கிலோ சுத்தமாக அச்சடித்து, ஃபைலில் போட்டு, வருஷக்கணக்காக அடுக்கி வைத்திருக்கிறோம். பணம் கொடுக்க அந்த ரசீது செல்லும். உயிரைக் காப்பாற்ற மட்டும் செல்லாது!

சட்டம் இல்லையா? இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். அதிகப்படி லோடை இறக்கும் வரை வண்டியை நகர விடக் கூடாது. முக்கியமாக, ஓட்டியவர் மட்டும் குற்றவாளி இல்லை. ஓட்ட வைத்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிகள் என்று சட்டம் சொல்கிறது. சந்தேகம் வந்தால் போகிற வழியில் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எடை மேடையில் ஏற்றிப் பார்க்க அதிகாரிக்கு 114-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் விபத்து நடந்தால் நாம் பத்திரிகையில் படிப்பது என்ன? 'டிராக்டர் டிரைவர் கைது.' ஏற்றி அனுப்பியவரும், இறக்கி வாங்கிக்கொண்டவரும் அன்று மாலை காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த டிரைவர் வில்லன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடகை டன் கணக்கு. ஐந்து டன் ஏற்றி இரண்டு நடை அடித்தால் இரண்டு நடைக்கு டீசல், இரண்டு நடைக்கு நேரம், கேட்டில் இரண்டு தடவை வரிசை. பத்து டன்னை ஒரே நடையில் அடித்தால் தவணை கட்டிய பிறகு கையில் கொஞ்சம் நிற்கும். நிதானமாக ஏற்றுகிறவன் நஷ்டப்படுகிறான், மேலே மேலே அடுக்குகிறவன் பிழைக்கிறான். இப்படி ஒரு கணக்கை நாமே போட்டுக் கொடுத்துவிட்டு, 'ஏன்டா இவ்வளவு ஏத்துன?' என்று அவனிடம் கேட்பதில் அர்த்தம் இல்லை. கவிழ்ந்தால் முதலில் சாகிறவனும் அவன்தான். கேபின் இல்லை, பெல்ட் இல்லை. லோடுமேன்கள் மட்கார்டில் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது லோடின் உச்சியில்.

அதனால் பிடிக்க வேண்டிய இடம் ரோடு இல்லை, எடை மேடை. ஒரே ஒரு விதி போதும். ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த எடை வரைக்கும்தான் வண்டி வாடகை; அதற்கு மேல் வந்த ஒவ்வொரு கிலோவுக்கும் வாடகை கிடையாது. விவசாயிக்கு அவர் சரக்கின் விலையை முழுசாகக் கொடுங்கள், ஒரு பைசா பிடிக்க வேண்டாம். வண்டிக்கான காசை மட்டும் நிறுத்துங்கள். அதோடு நியாயமான எடைக்குக் கட்டுப்படியாகிற மாதிரி டன் வாடகையை உயர்த்துங்கள். அதிகம் ஏற்றினால் லாபம் இல்லை என்று ஆகிவிட்டால் அதிகம் ஏற்றச் சொன்னாலும் ஏற்ற மாட்டார்கள். அந்த ரசீதுகளை மாதம் ஒரு தடவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வாங்கிப் பார்த்தால் போதும்.

'கிழங்கு விலை ஏறும், சர்க்கரை விலை ஏறும்' என்பார்கள். ஏறட்டும். ஒரு கிலோ ஜவ்வரிசிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க நமக்கு முடியும். இப்போதும் அந்த வித்தியாசத்தை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பில் போடாமல் வாங்குகிறோம், அவ்வளவுதான்.

பிரேக் விஷயத்துக்கும் ஜெர்மனியிலிருந்து ஆள் வர வேண்டாம். டிராக்டரின் ஹைட்ராலிக்கிலிருந்து இணைப்புக் கொடுத்து டிரெய்லர் சக்கரத்தில் பிரேக் பிடிக்க வைக்க முடியும். இந்தியா முழுக்க ஓடுகிற லாரிகளுக்கு பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளுக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டுக்கும் இது ஒரு வேலையா? யாரும் கேட்காததால் யாரும் செய்வதில்லை. டிரெய்லருக்கு பிரேக் இல்லாவிட்டால் கடன் கிடையாது என்று வங்கிகள் ஒரு வரி எழுதினால் ஒரே வருஷத்தில் எல்லாப் பட்டறையிலும் அது சாதாரண வேலை ஆகிவிடும்.

உங்கள் வீட்டில், சொந்தத்தில், தெரிந்தவர்களில் யாராவது டிராக்டர் வாங்கப் போகிறார்களா? கூடப் போங்கள். எச்.பி.யை அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் நாலே நாலு கேள்வி கேளுங்கள். இந்த வண்டி எத்தனை டன் டிரெய்லரைப் பிடித்து நிறுத்தும்? டிரெய்லர் பிரேக்குக்கு இணைப்பு இருக்கிறதா? இரண்டு மிதியையும் சேர்க்கும் கொண்டி எங்கே? கொக்கி எவ்வளவு பாரம் தாங்கும்? பதில் சொல்லத் தெரியாத கடையில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், அடுத்த கடைக்கு நடங்கள். பத்து பேர் இப்படி எழுந்து போனால், பதினோராவது ஆள் வருவதற்குள் அந்த விற்பனைப் பையன் பதிலைத் தேடிப் படித்து வைத்திருப்பான்.