முழுக் கம்ப்யூட்டர் எதற்கு? ஒரு ஜன்னல் போதும்!

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம். எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, ஜவுளிக் கடையிலும் இரும்புக் கடையிலும் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் இருக்கும். அதன் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். திரையில் பெரும்பாலும் "டாலி" ஓடிக்கொண்டிருக்கும்.

டாலி என்பது கணக்கு எழுதும் புரோகிராம். 1986-ல் கோயங்கா என்பவரும் அவருடைய மகனும் தொடங்கிய பெங்களூர் கம்பெனியின் சரக்கு. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்ததும் சிறு கடைகள்கூட அதைத் தேடி ஓடின.

இந்தக் கடைக்காரர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவியை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பழைய எந்திரங்கள் பலவற்றில் போட முடியாது. "புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். நன்றாக ஓடுகிற எந்திரத்தைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்?

போட வேண்டியதில்லை. வழி இருக்கிறது.

குளமும் மடையும்

எங்கோ ஓர் இடத்தில் பெரிய எந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோலப் பிரித்து வைக்கிறார்கள். இவற்றுக்குத் தனி உருவம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் தனிக் கம்ப்யூட்டராகவே வேலை செய்யும். இந்தக் கூட்டத்துக்கு இங்கிலீஷில் "பூல்" என்று பெயர். குளத்துக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். குளம் ஒன்று, மடை பல என்றால் நாஞ்சில் நாட்டாருக்கு விளக்கமா சொல்ல வேண்டும்?

முன்பெல்லாம் இந்தக் குளத்திலிருந்து ஆளுக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டரைத் திறந்து விட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்! எதை எங்கே வைத்தோம் என்று ஆட்கள் திண்டாடினார்கள்.

கல்யாண வீட்டில் அவியல் வைக்க ஓர் உருளி வேண்டும். ஊர்ப் பொதுவில் கேட்டால் உருளியைக் கொடுப்பார்கள். பாத்திர அறைச் சாவியையா கொடுப்பார்கள்?

அதேபோல, வேண்டிய புரோகிராமை மட்டும் அனுப்பலாம். கடைத் திரையில் டாலி ஜன்னல் ஒன்றுதான் தெரியும். இங்கே தட்டும் எழுத்து அங்கே போகிறது. அங்கே நடப்பதன் படம் இங்கே வருகிறது. கணக்குப் புத்தகம் அங்கேயே இருக்கிறது. பழைய எந்திரத்தில் லினக்ஸ் என்ற இலவச ஏற்பாட்டைப் போட்டுவிட்டால், ஜன்னல் காட்டும் வேலையை அது தாராளமாகச் செய்யும்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1998-லேயே ஒரு விண்டோஸ் எந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ள மைக்ரோசாப்ட் வழி செய்தது. ஆனால் சில புரோகிராம்கள் முரண்டு பிடிக்கும். "எனக்குத் தனி எந்திரம் வேண்டும்" என்று அடம்பிடிக்கும். அவற்றையும் தனி ஜன்னலாகக் குளத்திலிருந்தே அனுப்ப, 2019-ல் வி.எம்.வேர் கம்பெனி ஏற்பாடு செய்தது. ஒரு ஜன்னலுக்காக ஒரு முழுக் கம்ப்யூட்டரை அங்கே ஒதுக்க வேண்டும். செலவு அதிகம். ஆகவே முரட்டுப் புரோகிராமுக்கு மட்டும் இந்த வழி. டாலியைப் பங்கு எந்திரத்திலேயே ஓட்டலாம். டாலி கம்பெனியே அமேசான் எந்திரங்களில் அதை வைத்து வாடகைக்கு விடுகிறது.

வீட்டில் இருந்தே வேலை

இதில் கடைக்காரருக்கு லாபம் இருக்கட்டும். டாலி படித்த பெண்களுக்கு உள்ள லாபம் அதைவிடப் பெரிது. குலசேகரத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண், தினமும் இரண்டு பஸ் ஏறி நாகர்கோவில் கடைக்கு வர முடியுமா? வேலையை விட்டுவிடுகிறாள். படிப்பு வீணாகிறது. "வீட்டில் இருந்து எழுதித் தருகிறேன்" என்றால் முதலாளி தயங்குகிறார். கணக்கு வெளியே போய்விடுமே என்ற பயம்.

ஜன்னல் முறையில் கணக்கு வெளியே போவதில்லை. அவளுக்கு டாலி மட்டும் தெரியும். முதலாளியின் கடிதங்களோ பாங்கு விவரமோ தெரியாது. ஆனால் ஒன்று. "பைலைத் திற" என்ற பொத்தான் வழியாக அடுத்த அறைகளுக்குள் நுழைய இடம் உண்டு. அமைத்துக் கொடுப்பவர் அந்தக் கதவுகளையும் பூட்ட வேண்டும். பலர் பூட்டுவதில்லை. திரையைப் போனில் படம் பிடித்தால் தடுக்க எந்தப் பூட்டும் கிடையாது. அதற்கு நம்பிக்கையான ஆள்தான் வேண்டும்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்கு இதெல்லாம் வீண் செலவு. மூன்று கிளை, பத்து ஆள் என்று இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். சிறு வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு எந்திரத்தை வாடகைக்கு எடுத்தாலும் கட்டுப்படியாகும். அவரவர் கணக்கைத் தனித்தனியே பிரித்து வைத்தால் சரி.

வாடகை வீடு

வாடகை வீட்டுக்காரர் மாறினால் என்ன ஆகும்? 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே "ஒரு தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமை இனி விற்பனைக்கு இல்லை, சந்தாதான்" என்று அறிவித்தது. 2024-ல் ஜன்னல் அனுப்பும் பிரிவு தனியே பிரிந்து, ஆம்னிஸா என்ற பெயரில் வேறு கைக்குப் போனது. நாகர்கோவில் கடைக்காரரை யார் கேட்டார்கள்? விலகினால் கணக்கை முழுதாகத் திருப்பித் தருவீர்களா, எத்தனை நாளில் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பயம் இந்த மண்ணுக்கே உரியது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தை அடித்துப் போட்டது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் எங்கோ இருக்கும் எந்திரம் பத்திரமாகவே இருக்கும். கடைக்காரரால்தான் அதைத் தொட முடியாது. வாரம் ஒரு முறை கணக்கின் நகலை பென் டிரைவில் எடுத்துக் கடைப் பெட்டியில் வைக்க வேண்டும். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை மாதம் ஒரு முறை தாளிலும் அச்சடித்து வைக்கலாம். அதைப் படிக்க மண்ணெண்ணெய் விளக்கு போதும்.