பொங்கலுக்கு ஸ்டென்சில் சுவரா? டிசைனை அப்புறம் பாருங்க, முதல்ல ஈரத்தைப் பாருங்க!

ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஒரு ரோலர், கொஞ்சம் மஞ்சள் பெயின்ட். ஷீட்டை எடுத்தா, சுவர்ல தாமரைக்கொடி! இந்த ரீல்ஸைப் பார்த்து, 'நம்ம ஹால்லயும் போட்டா என்ன?'ன்னு உங்களுக்கும் தோணியிருக்கும். கோல அச்சு வெச்சு வாசல்ல மாவு தேய்ச்ச கைக்கு இது பெரிய வித்தை இல்லைதான். ஆனா, ஷீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் எப்படிப்பட்டதுன்னு ரீல்ஸ் சொல்றதில்லை.

ஏன் திடீர்னு சுவர் மேல இவ்வளவு பாசம்?

பெயின்ட் சந்தையில் இப்போது பெரிய யுத்தம். 2024 பிப்ரவரியில் கிராசிம் நிறுவனம் 'பிர்லா ஓபஸ்' பெயின்ட்டுடன் களமிறங்கியது. முதலீடு 10,000 கோடி ரூபாய். ஆறு ஆலைகளில் ஒன்று நம்ம செய்யாறில். 2025-ல், டூலக்ஸ் பெயின்ட் விற்கும் அக்சோ நோபல் இந்தியாவை வாங்க ஜே.எஸ்.டபிள்யூ ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில், கிராசிம் கொடுத்த புகாரின் பேரில் ஏசியன் பெயின்ட்ஸ் மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது.

இந்தப் போட்டியில், பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு முழுக்கப் பெயின்ட் அடிப்பவர்களை மட்டும் நம்ப முடியாது. 'ஒரே ஒரு சுவரை மாத்திப் பாருங்க' என்று சொன்னால், பட்ஜெட் இல்லாதவரும் வாங்குவார். ஸ்டென்சிலுக்கு அதில் கச்சிதமான இடம்.

பாப்பாரப்பட்டி சுவர் வேற!

ரீல்ஸில் வருவது பெரும்பாலும் பட்டி பார்த்து வழுவழுப்பாக்கிய ஃப்ளாட் சுவர். தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி மாதிரியான ஊர்களிலோ, வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறிய பழைய சுவர்களும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு பொங்கல் வரும். சுவருக்குள் ஈரம் முழுசாக வற்றியிருக்காது. சுண்ணாம்புக்கு அது பிரச்னை இல்லை. ஈரத்தை வெளியே விட்டுவிடும். எமல்ஷன் அப்படியில்லை. பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். வெளியே வர வழி தேடும் ஈரம் கொப்புளமாகும். உங்க தாமரைக்கொடி செதில் செதிலாக உதிரும்.

ரெண்டு டெஸ்ட்

* சுவரை உள்ளங்கையால் தேயுங்க. வெள்ளைப் பவுடர் ஒட்டினால், சுரண்டிவிட்டு பிரைமர் அடிக்காமல் ஆரம்பிக்காதீங்க.
* ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுவரில் வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. ஒரு நாள் கழிச்சு உள்ளே நீர்த்துளி இருந்தால், சுவர் இன்னும் காயலைன்னு அர்த்தம்.

பழைய பெயின்ட்டா? உஷார்!

சுரண்டுவதற்கு முன்னாடி இதைப் படிங்க. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் அது அமலானது. அதற்கு முன்பு அடித்த பெயின்ட்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னலில் அடிக்கும் எனாமலில், ஈயம் அதிகமாக இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால், காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீங்க. தண்ணி தொட்டுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம். புது டின் வாங்கும்போது ஈய அளவு பற்றிய வரி லேபிளில் இருக்கான்னு பாருங்க.

இனி டிசைன்

ஸ்டென்சிலைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்னு இல்லை. பழைய எக்ஸ்-ரே ஃபிலிமில் பிளேடால் வெட்டினாலே போதும். சுவரின் நடுவில் பென்சிலால் நேர்கோடு போட்டு, அங்கிருந்து ரெண்டு பக்கமும் போங்க. ரோலரில் பெயின்ட் தொட்டதும் பேப்பரில் உருட்டி, முக்கால்வாசியை எடுத்துடுங்க. பெயின்ட் கசிந்து டிசைன் கலைவது, அதிகம் தொட்டுக்கொள்வதால்தான். ஒவ்வொரு தடவையும் ஷீட்டின் பின்பக்கத்தைத் துடைக்க மறக்காதீங்க. வாடகை வீடா? ஹவுஸ் ஓனரிடம் முதல்லயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சுவரைச் சரிசெய்யும் வேலையைத் தெரிஞ்ச பெயின்டரிடம் விடுங்க. கூலி கொடுத்தாலும் அது வீண் செலவு இல்லை. டிசைனை நீங்க போடுங்க. பொங்கலுக்குள் சுவர் காயலைன்னா, இந்த வருஷம் சுண்ணாம்பே அடிச்சிடுங்க. வேற ஒரு நல்ல சுவரைத் தேர்ந்தெடுத்து, பங்குனி வெயிலில் ஸ்டென்சிலைக் கையில் எடுங்க!